தூரமும் நேரமும் எழுதாத மரதன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாடசாலைகளில் இல்ல மெய்வல்லுநர் போட்டிகள் தொடங்கிவிட்டன. ஒவ்வொரு போட்டிக்கும் முன்னதாக வீதியில் ஒரு மரதன் ஓட்டம் நடக்கும். மறுநாள் தங்கள் நாளிதழில் முதல் மூன்று இடங்களைப் பெற்ற பிள்ளைகளின் பெயரும், பதக்கம் அணிவித்த விருந்தினரின் படமும் வரும். பிள்ளைகள் எத்தனை கிலோமீற்றர் ஓடினார்கள், எத்தனை நிமிடத்தில் ஓடினார்கள் என்பது மட்டும் வராது. வராததற்குக் காரணம் செய்தியாளர் அல்ல. தூரத்தை ஒருவரும் அளக்கவில்லை, நேரத்தை ஒருவரும் எழுதவில்லை. அந்த இரண்டு எண்களும் ஏன் வேண்டும் என்று சொல்லவே இதை எழுதுகிறோம். பரிசளிப்பு மேடைகளில் அடிக்கடி உதாரணம் காட்டப்படும் பின்லாந்து ஓட்டவீரர் ஹன்னெஸ் கோலெமைனெனை வைத்தே சொல்லலாம்.

முதலில் ஒரு திருத்தம். மேடைப் பேச்சில் இரண்டு பேர் ஒருவராகிவிடுகிறார்கள். கையில் ஸ்ரொப் வோச்சைப் பிடித்தபடி ஓடியவரும், ஒன்பது ஒலிம்பிக் தங்கம் வென்றவரும் பாவோ நூர்மி. அவர் 1897இல் துர்க்கு நகரில் பிறந்தவர். கோலெமைனென் அவருக்கு ஏழரை வயது மூத்தவர். 1889 டிசம்பர் 9இல் குவோப்பியோ நகரில் பிறந்தவர். தொழில் மேசன் வேலை. அண்ணன் தம்பிமார் எல்லோரும் ஓட்டக்காரர். வில்லியம் பணத்துக்கு ஓடும் தொழில்முறை ஓட்டக்காரராகப் போனார். தாத்து ஒலிம்பிக்கில் ஓடினார். 1912இல் ஹன்னெஸ் வென்ற செய்தியைக் கேட்டுத்தான் பதினைந்து வயது நூர்மி முதன்முதலில் ஒரு சோடி ஓட்டச் சப்பாத்து வாங்கினார்.

1912 யூலையில் ஸ்ரொக்ஹோமில் நடந்ததைத் திகதி வாரியாகப் பாருங்கள். 7ஆம் திகதி 10,000 மீற்றர் தகுதிகாண் ஓட்டம். 8ஆம் திகதி அதன் இறுதி: 31 நிமிடம் 20.8 செக்கனில் தங்கம். இரண்டாவதாக வந்த அமெரிக்கர் லூயிஸ் தெவானிமா 45 செக்கனுக்கு மேல் பின்னால் நின்றார். 9ஆம் திகதி 5,000 மீற்றர் தகுதிகாண். 10ஆம் திகதி இறுதி: 14 நிமிடம் 36.6 செக்கன், உலக சாதனை. 12ஆம் திகதி 3,000 மீற்றர் குழு ஓட்டத்தின் தகுதிகாண் சுற்றில் 8 நிமிடம் 36.9 செக்கனில் இன்னொரு உலக சாதனை. ஆனால் பின்லாந்துக் குழு அமெரிக்காவிடம் தோற்றதால் இறுதிக்குப் போக முடியவில்லை. 15ஆம் திகதி ஏறத்தாழ 12 கிலோமீற்றர் நாட்டுக்குக் குறுக்கான ஓட்டம்: 45 நிமிடம் 11.6 செக்கனில் மூன்றாவது தங்கம், கூடவே குழுவுக்கு வெள்ளி. கூட்டிப் பார்த்தால் ஒன்பது நாளில் 45 கிலோமீற்றர் போட்டி ஓட்டம்.

அப்போது பின்லாந்து ரஷ்யப் பேரரசின் கீழ் இருந்தது. அவர் வென்றபோது ஏறியது ரஷ்யக் கொடி. அது அவருக்கு வருத்தமாக இருந்தது. இதை நம்மவருக்கு விரித்துச் சொல்லத் தேவையில்லை.

இந்த எண்களை ஒருவர் அன்றே எழுதிவைத்தார். அதனால்தான் நூறு வருடம் கழித்தும் அந்த ஓட்டத்தைப் பிரித்துப் பார்க்க முடிகிறது. 14 நிமிடம் 36.6 செக்கன் என்பது 876.6 செக்கன். அதைப் பன்னிரண்டரையால் வகுத்தால் 400 மீற்றருக்கு 70.1 செக்கன் வரும். ஒரே ஒரு தடவை 400 மீற்றரை 70 செக்கனில் ஓடக்கூடிய பையன்கள் யாழ்ப்பாணத்தில் ஒவ்வொரு பாடசாலையிலும் இருக்கிறார்கள். கோலெமைனென் அதையே இடைவிடாமல் பன்னிரண்டரைத் தடவை ஓடினார். 10,000 மீற்றரில் அவருடைய சராசரி 400 மீற்றருக்கு 75.2 செக்கன். தூரம் இரு மடங்கானபோது அவர் விட்டுக்கொடுத்தது ஐந்தே ஐந்து செக்கன். பிள்ளைகளுக்கு இப்படி வகுத்துக் காட்டினால், அவர்கள் அவரை வெறுமனே அதிசயமாகப் பார்ப்பதை விட்டுக் கணக்குப் போடத் தொடங்குவார்கள்.

அந்த 5,000 மீற்றர் இறுதியைக் கொஞ்சம் கிட்டவாகப் பார்ப்போம். பிரான்சின் ஜோன் புவானும் கோலெமைனெனும் ஆரம்பத்திலேயே மற்றவர்களை விட்டுப் பிரிந்துவிட்டார்கள். பெரும்பாலும் புவான் முன்னால், கோலெமைனென் அவருடைய தோளோடு ஒட்டிப் பின்னால். கோலெமைனென் முந்தப் பார்க்கும்போதெல்லாம் புவான் வேகத்தைக் கூட்டி இடம் கொடுக்காமல் விட்டார். கடைசி நேர்கோட்டிலும் அதே கதைதான். முடிவுக்கோட்டுக்குச் சில அடிகள் இருக்கும்போதுதான் கோலெமைனெனின் நெஞ்சு முன்னே வந்தது. 14:36.6, 14:36.7. வித்தியாசம் 0.1 செக்கன். மூன்றாவதாக வந்த பிரித்தானியர் ஜோர்ஜ் ஹட்சனின் நேரம் 15:07.6. அதாவது முன்னவர்கள் முடித்தபோது அவர் 150 மீற்றருக்கும் அப்பால். அதற்கு முன் உலகில் எவரும் 5,000 மீற்றரை 15 நிமிடத்துக்குள் ஓடியதில்லை. அன்று இருவர் ஒன்றாக ஓடினார்கள். புவானும் ஹட்சனும் இரண்டு வருடம் கழித்து 1914 செப்டெம்பரில், ஒரே மாதத்தில், போர்முனையில் இறந்துபோனார்கள். கோலெமைனெனின் நேரத்தை 1922இல் நூர்மிதான் உடைத்தார்.

மேடையில் இதை 'கடைசி நொடித் துணிச்சல்' என்று சொல்கிறார்கள். அது பாதி உண்மைதான். கடைசியில் பாய ஒருவரிடம் ஏதாவது மிஞ்சியிருக்க வேண்டும். மிஞ்ச வேண்டுமானால் முதல் மூன்று சுற்றில் அதைச் செலவழித்திருக்கக் கூடாது. எங்கள் பிள்ளைகள் தோற்பது இந்த முதல் மூன்று சுற்றில்தான். 20 நிமிடத்தில் 5,000 மீற்றர் ஓடக்கூடிய பிள்ளை ஒரு சுற்றை 96 செக்கனில் ஓட வேண்டும். தொடக்க ஒலி கேட்டதும், பார்வையாளர் பக்கம் திரும்புமுன் முன்னுக்கு வந்துவிட வேண்டும் என்ற எண்ணத்தில் 78 செக்கனில் ஓடிவிடும். அந்த வேகத்துக்குத் தேவையான ஒட்சிசனை மூச்சால் கொடுக்க முடியாது. தசை ஒட்சிசன் இல்லாமல் சக்தி எடுக்கத் தொடங்கும். மூச்சு முட்டும், தொடை இறுகும், நடை குறுகும். நாலாவது சுற்று 105, ஆறாவது 110. முதல் சுற்றில் சம்பாதித்த 18 செக்கன் நாலாவது, ஐந்தாவது சுற்றுகளிலேயே கரைந்துவிடும். மிச்ச ஏழரைச் சுற்றும் கடன்தான்.

இதைத் திருத்தப் பெரிய செலவு வேண்டாம். மைதானத்தைச் சுற்றி 100 மீற்றருக்கு ஒரு முளை அடியுங்கள். ஆசிரியர் நடுவில் நின்று 24 செக்கனுக்கு ஒரு தடவை விசில் ஊதட்டும். விசில் கேட்கும்போது பிள்ளை முளைக்கு நேரே இருக்க வேண்டும். முளையைத் தாண்டியிருந்தால் வேகம் கூட, முளையை எட்டாமல் இருந்தால் குறைவு. முதல் வாரம் நாலு சுற்று, அடுத்த வாரம் ஆறு. இரண்டு மூன்று வாரத்தில் விசில் இல்லாமலே கால் அந்தத் தாளத்தைப் பிடித்துவிடும். நூர்மி கையில் ஸ்ரொப் வோச் வைத்திருந்தது இதற்காகத்தான். 1920இல் அன்ட்வேர்ப்பில் 5,000 மீற்றரில் பிரான்சின் கிமோவிடம் தோற்ற பிறகு, எதிராளியைப் பார்த்து ஓடுவதை விட்டு மணிக்கூட்டைப் பார்த்து ஓடப் பழகினார்.

சீரான வேகத்தோடு வேகமாறல் பயிற்சியும் வேண்டும். வாரத்தில் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள், குறிவேகத்தில் ஆறு தடவை 400 மீற்றர். ஒவ்வொன்றுக்கும் நடுவே 90 செக்கன் நடை. ஆறாவது, முதலாவதை விட 3 செக்கனுக்கு மேல் பிந்தினால் குறிவேகம் பிள்ளைக்குக் கூடிவிட்டது என்று அர்த்தம். அப்போது வேகத்தைக் குறையுங்கள், எண்ணிக்கையைக் கூட்டாதீர்கள். போட்டிக்கு ஐந்து நாள் இருக்கும்போது இதை நிறுத்திவிட வேண்டும். மற்ற நாட்களில் கதைத்துக்கொண்டே ஓடக்கூடிய மெதுவேகம் போதும். போட்டிக்கு இரண்டு வாரம் முன் தொடங்கி, ஒவ்வொரு நாளும் முழுத் தூரத்தையும் முழு வேகத்தில் ஓடவிடுவதுதான் முழங்காலுக்கும் முன்கால் எலும்புக்கும் வரும் நோவுகளுக்கு முதற் காரணம்.

மைதானத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பாடசாலைகள் பலவற்றில் 400 மீற்றர் ஓடுபாதைக்கு இடமில்லை. 200 மீற்றர்ப் பாதைதான். அதில் 5,000 மீற்றர் 25 சுற்று. 1.22 மீற்றர் அகலப் பாதைகளில் இரண்டாம் பாதையில் ஓடுபவர் ஒவ்வொரு சுற்றிலும் ஏறத்தாழ 7 மீற்றர் கூட ஓடுகிறார். பெரிய மைதானத்தில் பன்னிரண்டரைச் சுற்றுக்கு இது 88 மீற்றர். சின்ன மைதானத்தில் 25 சுற்றுக்கு 175 மீற்றர். ஆகவே சின்ன மைதானத்தில் வளைவில் வெளிப்பக்கத்தால் முந்தப் போவது இரட்டிப்பு நட்டம். முந்துவதென்றால் நேர்கோட்டில் முந்தச் சொல்லுங்கள். 300 மீற்றர்ப் பாதையில் 16 சுற்றும் 200 மீற்றரும் வரும். அந்த 200 மீற்றரைத் தொடக்கத்திலேயே ஓடி முடிக்கும்படி தொடக்கக் கோட்டைப் போட்டால், முடிவுக்கோடு எல்லா ஓட்டத்துக்கும் ஒரே இடத்தில் இருக்கும்.

சுற்று எண்ணுவதில் வரும் பிழை சின்னப் பிழையல்ல. 1932இல் லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் 3,000 மீற்றர் தடைதாண்டல் இறுதியில் சுற்று எண்ணியவர் தவறவிட்டதால் எல்லோரும் ஒரு சுற்று கூட ஓடினார்கள்; 3,460 மீற்றர். வென்றவர் பின்லாந்தின் வொல்மாரி இசோ-ஹொல்லோ. அவர் எப்படியும் வென்றிருப்பார். ஆனால் சரியான தூரத்தில் இரண்டாவதாக இருந்த அமெரிக்கர் அந்தக் கூடுதல் சுற்றில் மூன்றாம் இடத்துக்குப் போய்விட்டார். ஒலிம்பிக்கிலேயே இப்படி என்றால், இருபது பிள்ளைகள் 25 சுற்று ஓடும் புல் மைதானத்தில் என்ன நடக்கும்? ஒரு எண்ணுநருக்கு நாலு ஓட்டக்காரருக்கு மேல் கொடுக்கக் கூடாது. வெறும் கோடு கீறி எண்ணவும் கூடாது. பிள்ளை ஒவ்வொரு தடவை கடக்கும்போதும் மணிக்கூட்டு நேரத்தை எழுத வேண்டும். 96, 98, 97 என்று வரும் வரிசையில் திடீரென 195 இருந்தால், ஒரு சுற்று எழுதப்படாமல் போயிருக்கிறது என்று தாளே சொல்லும். முதலாமவருக்குக் கடைசிச் சுற்று மணி அடிப்பதும் அந்தத் தாளைப் பார்த்துத்தான்.

நேரம் எடுப்பவர்கள் மூன்று பேர். மூன்று மணிக்கூடும் மூன்று நேரம் காட்டினால் நடுவிலுள்ளதை எடுக்க வேண்டும். இரண்டு ஒத்திருந்தால் அந்த நேரம். இரண்டு பேர்தான் என்றால் பிந்திய நேரம். 5,000 மீற்றரின் தொடக்கக் கோடு முடிவுக்கோட்டிலிருந்து எதிர்ப் பக்கத்தில் இருக்கும். ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றர்தான் போகும். ஆகவே ஒலியைக் கேட்டு மணிக்கூட்டை அமத்தாதீர்கள். துவக்கின் புகையையோ, தொடக்கக் கட்டைகள் இரண்டும் தட்டிச் சேரும் கணத்தையோ கண்ணால் பார்த்து அமத்துங்கள். முடிவில் பார்க்க வேண்டியது உடலை. தலையும் கையும் கணக்கில்லை.

இனி மரதனுக்கு வருவோம். எங்கள் ஊரில் வீதியில் ஓடும் ஓட்டம் எல்லாம் மரதன்தான்; மூன்று கிலோமீற்றரும் மரதன், பத்தும் மரதன். உண்மையான மரதன் 42.195 கிலோமீற்றர். அந்தத் தூரமும் தொடக்கத்தில் உறுதியாக இருக்கவில்லை. 1912இல் ஸ்ரொக்ஹோமில் 40.2 கிலோமீற்றர். 1920இல் அன்ட்வேர்ப்பில் 42.75, ஒலிம்பிக் வரலாற்றில் அதுவே மிக நீண்ட மரதன். 1912க்குப் பிறகு கோலெமைனென் அமெரிக்கா போய் நியூயோர்க்கில் மேசன் வேலை செய்துகொண்டே ஓடினார். 1916 ஒலிம்பிக் போரால் நின்றுபோனது. 1917 பொஸ்ரன் மரதனில் நாலாமிடம். அதில் முதலாவதாக வந்த பில் கெனடியும் ஒரு மேசன் என்பது சொல்லத்தக்கது. 1920 ஓகஸ்ட் 22, மழை, குளிர். முப்பது வயதுக் கோலெமைனென் முதற்பாதியில் தென்னாபிரிக்கர் கிற்சமுடன் சேர்ந்து ஓடி, பிறகு தனித்து, 2 மணி 32 நிமிடம் 35.8 செக்கனில் வந்தார். எஸ்தோனியரான யூரி லொஸ்மன் 12.8 செக்கன் பின்னால். இந்த முறை ஏறியது சுதந்திர பின்லாந்தின் கொடி.

அவர் அன்று ஓடியது கிலோமீற்றருக்கு 3 நிமிடம் 34 செக்கன். கூடுதலாக ஓடிய 555 மீற்றரைக் கழித்தால் ஏறத்தாழ 2 நிமிடம் குறையும். இந்த நீதியை அவருக்கு இன்று நாம் செய்ய முடிவது, அன்று பாதையை அளந்து தூரத்தை எழுதிவைத்ததால். கோயில் வாசலில் தொடங்கிச் சந்தியைச் சுற்றி வரும் ஒரு பாடசாலை மரதனில் ஓடிய பிள்ளைக்கு அடுத்த வருடம் முன்னேறினாளா பின்தங்கினாளா என்று சொல்ல எங்களிடம் ஒன்றும் இல்லை.

வீதியை அளக்க ஒரு சைக்கிள் போதும். மோட்டார் சைக்கிள் மீற்றரை நம்ப வேண்டாம். பத்துக் கிலோமீற்றரில் சில நூறு மீற்றர் பிசகும். செய்யும் முறை இது. மட்டமான, நேரான வீதித் துண்டில் 50 மீற்றர் உருக்கு நாடாவை ஆறு தடவை இழுத்து 300 மீற்றர் குறியுங்கள். துணி நாடா இழுபடும், கூடாது. சைக்கிள் முன் ரயருக்கு இறுக்கமாகக் காற்றடியுங்கள். முன் சில்லின் கம்பி ஒன்றில் விறைப்பான மட்டைத் துண்டு ஒன்றைக் கட்டினால், சுற்றுக்கு ஒரு தடவை கவையில் 'டக்' என்று தட்டும். வால்வு கீழே இருக்க, தொடக்கக் குறியிலிருந்து ஓடி, 300 மீற்றரில் எத்தனை தட்டு, மிச்சத்துக்கு எத்தனை கம்பி என்று எண்ணுங்கள். முன் சில்லில் 32 கம்பி இருந்தால் ஒரு கம்பி ஏறத்தாழ 7 சென்ரிமீற்றர். நாலு தடவை ஓடிச் சராசரி எடுங்கள். உதாரணமாக 136 சுற்றும் 12 கம்பியும் வந்தால், கிலோமீற்றருக்கு 454.6 சுற்று. பாதை குறைந்துவிடாமல் இருக்க ஆயிரத்துக்கு ஒன்று கூட்டுவது வழமை, ஆகவே 455. இனிப் பாதை முழுக்க 455 தட்டுக்கு ஒரு சுண்ணாம்புக் கோடு.

இதில் பிழை வருவது மூன்று இடத்தில். வளைவுகளில் வீதியின் இடப்பக்கத்தாலேயே ஓடி அளந்தால், பிள்ளைகள் உட்பக்கத்தால் வெட்டி ஓடும்போது தூரம் குறையும். ஓடக்கூடிய மிகக் குறுகிய கோட்டில்தான் அளக்க வேண்டும். இரண்டாவது வெயில். மதிய வெயிலில் ரயர் விரியும். விரிந்த ரயரில் 300 மீற்றரை எண்ணிவிட்டு மாலைக் குளிரில் பாதையை அளந்தால் பாதை குறுகிவிடும். அளந்து முடித்த கையோடு அதே 300 மீற்றரை இன்னொரு தடவை எண்ணிப் பாருங்கள். மூன்றாவது, எண்ணும்போது யாரோடும் கதைப்பது.

காற்றையும் பார்க்க வேண்டும். தை, மாசியில் வாடைக்காற்று. பண்ணைப் பாலத்தால் தீவுப் பக்கம் போய்த் திரும்பும் பாதை என்றால், போகும்போது காற்று முதுகில் தள்ளும். பிள்ளை தன் வேகம் இதுதான் என்று நம்பிவிடும். திரும்பும்போது கடல் வெளியில் மறைப்பில்லாமல் முகத்தில் அடிக்கும். முதற்பாதியை வேண்டுமென்றே மெதுவாக ஓடச் சொல்லித்தான் அனுப்ப வேண்டும். திரும்பி வரும்போது நாலைந்து பேராக ஒருவர் பின் ஒருவர் ஒதுங்கி ஓடச் சொல்ல வேண்டும். தென்மேற்கிலிருந்து வீசும் சோளகத்தில் இது தலைகீழ்.

வெப்பத்தைப் பற்றி எழுதாமல் இந்தக் கடிதத்தை முடிக்க முடியாது. 1912 ஸ்ரொக்ஹோம் மரதன் யூலை 14இல், கொளுத்தும் வெயிலில் நடந்தது. அறுபத்தெட்டுப் பேர் ஓடத் தொடங்கி ஏறத்தாழப் பாதிப்பேர்தான் முடித்தார்கள். போர்த்துக்கல்லின் பிரான்சிஸ்கோ லாசரோ வெயில் சுடாதிருக்க உடம்பெல்லாம் கொழுப்புப் பூசிக்கொண்டு ஓடினார் என்று சொல்லப்படுகிறது. ஏறத்தாழ 30 கிலோமீற்றரில் விழுந்தார், மறுநாள் இறந்தார். வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும். தோலை அடைத்தால் வெப்பம் உள்ளேயே நிற்கும். ஆகவே ஓட்டத்துக்கு முன் உடம்பெல்லாம் எண்ணெய் பூசுவது வேண்டாம். நைலோன் துணியில் தைத்த இல்ல மேலங்கியும் அதே வேலையைத்தான் செய்யும். கையில்லாத பருத்திப் பெனியன் அதைவிட மேல். ஸ்ரொக்ஹோமில் அன்று அபூர்வமாக வந்த வெயில், எங்களுக்கு எட்டு மணிக்கே வரும். விருந்தினர் வரும்வரை காத்திருந்து எட்டரைக்குத் தொடங்கும் மரதன் பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம். காலை 6 மணிக்குத் தொடங்குங்கள். விருந்தினர் பரிசளிப்புக்கு வரட்டும்.

ஓட்டத்துக்கு இரண்டு மணித்தியாலம் முன் 400 முதல் 500 மில்லிலீற்றர் தண்ணீர். பாதையில் இரண்டு கிலோமீற்றருக்கு ஒரு தண்ணீர் மேசை. ஒரு தடவைக்கு அரைக் கோப்பை போதும். விடாய் இல்லாமல் லீற்றர் கணக்கில் குடிக்க வைப்பதும் ஆபத்து. இரத்தத்தில் உப்பு ஐதாகி மயக்கம் வரும். காய்ச்சலிலிருந்து எழும்பிய பிள்ளையை எந்தக் காரணத்துக்காகவும் ஓடவிட வேண்டாம்.

பிள்ளை தள்ளாடுகிறது, கேட்ட கேள்விக்குப் பொருந்தாத பதில் சொல்கிறது, தோல் சுடுகிறது என்றால் அது வெறும் களைப்பல்ல. வெப்பத் தாக்கம் மூளையைத் தொட்டுவிட்டது. முதலில் குளிர வைக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் ஏற்றிக்கொண்டு போவது. முடிவிடத்தில் பிள்ளை இருக்கக்கூடிய ஒரு பெரிய பிளாஸ்ரிக் தொட்டி, அதில் கிணற்றுத் தண்ணீர், பக்கத்தில் ஐஸ் கட்டி. மீன் சந்தைக்குப் போகும் ஐஸே போதும். விடியற்காலையில் சொல்லிவைத்தால் கிடைக்கும். சப்பாத்தைக் கழற்றி, தலையைத் தாங்கிப் பிடித்தபடி கழுத்து வரை அமர்த்தி, தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருங்கள். தொட்டி இல்லாவிட்டால் ஐஸ் தண்ணீரில் நனைத்த துவாய்களால் உடம்பை மூடி, ஒரு நிமிடத்துக்கு ஒரு தடவை மாற்றுங்கள். அதே நேரம் 1990 அம்புலன்ஸ் சேவைக்கு ஒருவர் அழைக்கட்டும். நினைவு தெளியாத பிள்ளையின் வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றக் கூடாது, மூச்சுக்குழலுக்குள் போகும். சுற்றி நின்று காற்றை மறிப்பவர்களை விலக்குவதும் ஒருவருடைய வேலை.

சாப்பாடு. 'இறைச்சி மீன் இல்லாமல் ஓட முடியுமா' என்று சைவக் குடும்பத்துப் பெற்றோர் கேட்பது வழமை. கோலெமைனென் சைவ உணவுக்காரர் என்பதை மட்டும் அவர்களுக்குச் சொன்னால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். போதாது. சைவச் சாப்பாட்டில் ஓட முடியும். ஆனால் சோறும் இரண்டு கறியும் சைவம் என்று பெயர் பெற்றுவிட்டதால் ஓட்டக்காரரின் சாப்பாடு ஆகிவிடாது. நெடுந்தூரம் பயிற்சி செய்யும் பிள்ளைக்கு உடல் நிறையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 1.6 கிராம் புரதம் வேண்டும். 50 கிலோப் பிள்ளைக்கு 60 முதல் 80 கிராம். உலர்ந்த பயறு, கடலை 100 கிராமில் 20 கிராமுக்கு மேல் இருக்கிறது. சோயாமீற்றில் அதன் இரு மடங்கு. காலையில் அவித்த பயறு ஒரு கோப்பை, மதியம் பருப்பும் தயிரும், பின்னேரம் அவித்த கடலை, இரவு உழுந்து சேர்ந்த தோசை என்றால் கணக்குச் சரிவரும்.

புரதத்தை விட அடிக்கடி குறைவது இரும்புச்சத்து, அதிலும் பெண்பிள்ளைகளுக்கு. நன்றாக ஓடிய பிள்ளை காரணமில்லாமல் ஒரு மாதமாக மெதுவாகிறாள், படியேற மூச்சு வாங்குகிறாள் என்றால் திட்டாதீர்கள். இரத்தப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். முருங்கையிலை, குரக்கன், கௌபி எல்லாவற்றிலும் இரும்பு உண்டு. ஆனால் தாவர இரும்பை உடல் கொஞ்சமாகத்தான் எடுக்கும். தேசிக்காய்ப் புளி சேர்த்தால் கூட எடுக்கும். சாப்பிட்ட கையோடு பிளேன்ரீ குடித்தால் குறைய எடுக்கும். எங்கள் வீடுகளில் அந்தப் பிளேன்ரீதான் முதல் எதிரி. ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடிக்கட்டும். பாலும் தயிரும் தொடாத பிள்ளைக்கு பி12 உயிர்ச்சத்தை வைத்தியரிடம் கேட்டே கொடுக்க வேண்டும்.

ஓட்ட நாளன்று, தொடங்க இரண்டு மணித்தியாலம் முன்னரே பாணும் வாழைப்பழமும் போதும். பிட்டும் சொதியும் சாப்பிட்டு அரை மணித்தியாலத்தில் ஓடினால் விலாவில் குத்தும்.

கோலெமைனென் 1966 ஜனவரி 11இல் ஹெல்சிங்கியில் காலமானார். அதற்கு முன், 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் நூர்மி மைதானத்துக்குள் கொண்டுவந்த தீபம் அரங்கக் கோபுரத்தின் உச்சிக்குப் போனபோது, அங்கே ஏற்றியவர் அவர்தான். அதே ஒலிம்பிக்கில் இலங்கைக்காக உயரம் பாய்ந்தவர் எங்கள் யாழ்ப்பாணத்து நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். 1958 ஆசிய விளையாட்டில் அவர் தங்கம் வென்றார். உயரம் பாய்தலில் கோல் எந்த உயரத்தில் இருந்தது என்று எழுதாமல் யாரும் முடிவு அறிவிப்பதில்லை. ஓட்டத்துக்கு மட்டும் ஏன் அந்த விதி இல்லை?

ஆகவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்தப் பருவத்திலிருந்து பாடசாலை வீதி ஓட்டச் செய்திகளை வெளியிடும்போது, பெயருக்குப் பக்கத்தில் தூரத்தையும் நேரத்தையும் கேட்டு வாங்கிப் போடுங்கள். முதல் மூவருக்கு மட்டுமல்ல, முடித்த கடைசிப் பிள்ளைக்கும் நேரம் இருக்கிறதா என்று கேளுங்கள். தூரம் அளக்கப்படவில்லை என்றால் 'தூரம் அளக்கப்படவில்லை' என்றே அச்சிடுங்கள். இரண்டு கிழமை அப்படி வந்தால், மூன்றாம் கிழமை பாடசாலைகள் சைக்கிளை வெளியே எடுத்துவிடும். அளக்கத் தெரியாத பாடசாலைகளுக்கு, சனிக்கிழமை காலையில் வந்து கூடவே நின்று அளந்து கொடுக்க நாங்கள் ஆயத்தம்.

இங்ஙனம்,
நெடுந்தூர ஓட்டப் பயிற்றுநர்களும் நேரக்கணிப்பாளர்களும் சிலர்,
யாழ்ப்பாணம்.